கறுப்பு மேலிலைச் சுருட்டை எடைபோடுதல்

கறுத்த சுருட்டைக் கையில் எடுத்ததும் "இது ரொம்பக் காரம்" என்று சொல்லிவிடுகிறோம். பற்றவைக்கும் முன்பே சொல்லிவிடுகிற அந்தத் தீர்ப்பை இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் தள்ளிப்போடுவோம். மேலிலையின் நிறத்தை வைத்துக் காரத்தை அளக்க முடியாது. இலை எப்படிப் பாடம் செய்யப்பட்டது என்பதற்கான தடயம்தான் அந்த நிறம். தடயம் இயல்பாக வந்ததா, பூசி வந்ததா என்று பார்ப்பதுதான் மதிப்பீட்டின் முதல் வேலை.

வல்லம் வடகால் சிப்காட்டிலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கமும் வேலை பார்ப்பவர்களுக்குச் சுருட்டு பெரும்பாலும் ஒன்றிரண்டாகத்தான் வந்து சேர்கிறது. ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஊர் திரும்பிய நண்பர் டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்திருப்பார். கியூபா சுருட்டு அதில் எப்போதாவது ஒன்று இருக்கும். மற்றதெல்லாம் நிகரகுவா, டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், மெக்சிகோ சரக்கு. உங்களில் பலர் பகலெல்லாம் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவர்கள். சப்ளையர் பெயரைப் பார்த்து பாகத்தை ஏற்க மாட்டீர்கள், அளந்துதான் ஏற்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

முதலிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. புகைக்காதவர் இந்தப் புத்தகத்துக்காகத் தொடங்க வேண்டாம். புகைப்பவர் வாரத்துக்கு ஒன்றையும் அரிதாக்கிக் கொள்வது நல்லது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி பணியிடத்திலும் பொது இடத்திலும் புகைக்கக் கூடாது. 30 அறைக்குக் குறையாத ஹோட்டலும் 30 பேருக்குக் குறையாமல் உட்காரும் உணவகமும் தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் அறையோ, குழந்தைகள் இல்லாத மொட்டை மாடியோதான் உங்களுக்கு இடம்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

கறுப்பு மேலிலைகளுக்கு மடூரோ என்று பெயர். அதைவிடவும் கறுத்ததை ஆஸ்குரோ என்பார்கள். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சில இலை வகைகளுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெயிலில் வளரும் பிராட்லீஃப் ஒன்று. இதை இலை இலையாகப் பறிப்பதில்லை. செடியையே தண்டோடு வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். தடித்த இலை, எண்ணெய்ப் பசை அதிகம். மெக்சிகோவின் சான் ஆண்ட்ரெஸ் இன்னொன்று. மேற்பரப்பு சொரசொரப்பாக, நிறம் திட்டுத் திட்டாக இருக்கும். பிரேசிலின் மாத்தா ஃபினா இயல்பிலேயே இனிப்பு சாய்ந்தது. நிகரகுவாவில் எஸ்தெலி, ஹலாப்பா பகுதிகளின் எரிமலை மண்ணில் விளைவதையும் கறுப்பாக்கி மேலிலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

உலர்ந்த இலையை ஈரப்படுத்தி அட்டி அட்டியாக அடுக்கினால் அட்டியின் நடுவில் தானாகவே சூடு ஏறும். சூடு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் அட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். இப்படிப் புளிக்கவைப்பதைத்தான் இனி புளிப்பு என்கிறேன். மடூரோவுக்கு இந்தச் சூடும் கூடுதல், காலமும் கூடுதல். மாவுச்சத்தும் புரதமும் உடைகின்றன. அமோனியா வெளியேறுகிறது. நிகோட்டினிலும் ஒரு பங்கு போகிறது. நிறம் கறுக்கக் கறுக்க இலையின் முரட்டுத்தனம் அடங்கி இனிப்பு மேலே வருவது இதனால்தான். மெல்லிய இலை இந்தச் சூட்டைத் தாங்காமல் கிழிந்துவிடும் என்பதால் தடித்த இலைகளையே இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கறுப்பாக்க வேறு வழிகளும் இருக்கின்றன; அவற்றில் இரண்டு நமக்கே தெரிந்தவை. தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலைக்கு வெல்லக் கரைசல் தெளித்துப் பாடம் செய்கிற முறை உண்டு. யாழ்ப்பாண முறையில் குடிலுக்குள் புகை மூட்டிப் பதப்படுத்துகிறார்கள். இரண்டிலும் இலை கறுக்கும். மூன்றாவது வழி சாயம். இதைச் செய்பவர்கள் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. முதல் இரண்டும் மரபுகள், அவற்றை அவற்றின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும். சாயத்தைக் கண்டால் மதிப்பெண் போட வேண்டிய தேவையே இல்லை.

சோதனை எளிது. வெள்ளை டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மேலிலையின் ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை மெதுவாக ஒற்றுங்கள். வெளிர் பழுப்பாக ஒட்டினால் கவலையில்லை. நன்றாகப் புளித்த மடூரோவும் கொஞ்சம் நிறம் விடும். மை போலக் கறுப்பு இறங்கினாலோ, ஒற்றிய இடம் மட்டும் வெளுத்துப்போனாலோ அது பூச்சு. கண்ணுக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. இயல்பான கறுப்பு எங்கும் ஒரே சீராக இருக்காது. நரம்போரம் சற்று வெளிறி, இடையிடையே செம்பழுப்பு தெரியும். ஷூ பாலிஷ் போட்டது போல் முனை முதல் அடி வரை ஒரே பளபளப்பாக இருப்பதைச் சந்தேகியுங்கள்.

நம்மூர் அளவுகோல்

கியூபாவை உரைகல்லாக வைத்து மற்ற நாட்டுச் சுருட்டுகளைத் தேய்த்துப் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. 1962இல் அமெரிக்கா கியூபா மீது தடை விதித்த காலத்தில் அங்கிருந்து வெளியேறிய புகையிலைக் குடும்பங்கள்தான் நிகரகுவாவிலும் டொமினிகன் குடியரசிலும் ஹோண்டுராஸிலும் இந்தத் தொழிலை வளர்த்தன. கறுப்பு மேலிலையில் அவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். கியூபாவின் கொஹிபா, மடூரோ 5 என்ற வரிசையைக் கொண்டுவந்தது 2007இல்தான். இந்த ஒரு வகையில் கியூபா பின்னால் வந்த ஊர்.

உரைகல் வேண்டுமென்றால் திருச்சி உறையூர் சுருட்டு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் காலத்தில் உலகமே அறிந்த சரக்கு அது. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். கறுத்து, செதில் செதிலாக உதிரும் சாம்பல் என்பதுதான் அவருடைய அடையாளம். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டு ஆலையே நடத்தியது. உள்ளிலை இந்தப் பக்கத்தில் விளைந்தாலும், நயமான சரக்குக்கு மேலிலையை ஜாவாவிலிருந்து வரவழைத்தார்கள். நல்ல மேலிலை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அன்றைக்கே அந்த ஆலைக்காரர்கள் உணர்ந்திருந்தார்கள். 1948இல் வேடசந்தூரில் ஒரு புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சுருட்டுப் புகையிலை அதன் பாடங்களில் ஒன்று.

உறையூர் சுருட்டு விலை குறைந்தது, நேரடியானது, இரு முனையும் திறந்தது. அதைப் புகைத்துவிட்டு நிகரகுவா மடூரோவுக்குப் போனால் நீண்ட புளிப்பு என்ன செய்கிறது என்பது நாக்கிலேயே தெரியும். மாறாக, சில ஆயிரம் ரூபாய் பெறும் இறக்குமதிச் சுருட்டு உறையூர் சரக்கைவிட ஒரு படியும் மேலே போகாத நேரமும் உண்டு. அப்போது தயங்காமல் அப்படியே எழுதிவையுங்கள்.

பற்றவைக்கும் முன்

நம் பகுதியில் ஒரு சுருட்டு கெடுவது பெரும்பாலும் வைக்கும் இடத்தில்தான். ஏசி ஓடும் அறையில் மேலிலை காய்ந்து வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் ஏறி ஊதிப்போகும். சித்திரை வைகாசி வெயிலில் அறைக்குள் 30 டிகிரியைத் தாண்டும்போது, இலைக்குள் முட்டையாக இருந்த புகையிலை வண்டு பொரிந்து வெளியே வரும். குண்டூசித் தலை அளவுக்குச் சுத்தமான வட்டத் துளை, பக்கத்தில் பொடி: இதுதான் அதன் கையெழுத்து. இதே வண்டு மிளகாய், மஞ்சள், மல்லியிலும் விழும். அதனால் சுருட்டைச் சமையலறை அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். மசாலா வாசனை ஏறுவது போதாதென்று, வண்டையும் இரண்டு பக்கமும் பரிமாறிக்கொள்ளும்.

இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், 65 சதவீதம் என்று அச்சிட்ட ஈரப்பதப் பை ஒன்றும் போதும். வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. கோடையில் அது முடியாவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய வைன் கூலர் வாங்குவது வீண் செலவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சுருட்டை ஜிப் பையில் போட்டு மூன்று நாள் ஃபிரீசரிலும், பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலும் வைத்து, அதன்பின் வெளியே எடுங்கள். ஃபிரீசரிலிருந்து நேராக வெயில் காலத்து அறைக்கு வந்தால் மேலிலை வெடித்துவிடும்.

ஈரமானியை நம்புவதற்கு முன் அதைச் சரிபார்ப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வீட்டு முறையைச் சொல்கிறேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரே ஜிப் பைக்குள் மூடி ஒரு நாள் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 71 காட்டினால் 4 கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் ஈரமானிகளில் இந்த அளவு பிசகு சாதாரணம்.

வெளியிலிருந்து வந்த சுருட்டை இரண்டு வாரமாவது டப்பாவில் ஓய்வாக வைத்த பிறகே மதிப்பிடுங்கள். மேலிலையில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை; முதிர்ச்சியின் அடையாளம் என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, பற்றவைக்கும் முனையான அடியிலிருந்து வாயில் வைக்கும் முனையான தலை வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் கட்டியாகத் தட்டுப்பட்டால் அங்கே புகை அடைபடும். ஓரிடத்தில் அமுங்கினால் அங்கே வேகமாக எரிந்து சூடாகும். பிராட்லீஃப் இலையில் மணல் போன்ற சிறு புடைப்புகள் விரலில் உரசும். அவை எண்ணெய்ப் பொட்டுகள், குறையாக எண்ண வேண்டாம். நரம்பு தடித்திருப்பதற்கும் இந்த இலைகளில் மதிப்பெண் குறைக்காதீர்கள்.

தலையை மூடியிருக்கும் சிறு இலைத் தொப்பியை மட்டும் வெட்டி, பற்றவைக்காமல் ஒருமுறை இழுங்கள். உலர்ந்த திராட்சை, கோகோ, வைக்கோல், மாட்டுக்கொட்டில் எல்லாம் வரலாம்; அனைத்தும் நல்ல அறிகுறிகள். மூக்கைச் சுளிக்க வைக்கும் அமோனியா நெடி வந்தால் புளிப்பு முடியவில்லை. அந்தச் சுருட்டை ஆறு மாதம் டப்பாவில் போட்டுவைத்தால் ஓரளவு தேறும். இன்றைக்கு அதை மதிப்பிடாதீர்கள்.

புகைக்கும்போது

மின்விசிறியை நிறுத்துங்கள். அறைக்குள் சுருட்டு கசப்பதற்கு முதல் காரணம் தலைக்கு மேல் சுற்றும் விசிறி. காற்று பட்ட பக்கம் வேகமாக எரிந்து, கங்கு சூடாகி, மேலிலையின் இனிப்பு கருகிவிடும். மொட்டை மாடி என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கேஸ் லைட்டரின் தீ அடியைத் தொடாமல் சற்றுக் கீழே நிற்க, ஓரம் முழுவதும் கறுத்த பிறகு இழுத்துப் பற்றவையுங்கள். பெட்ரோல் லைட்டர் வேண்டாம். அதன் வாசனை முதல் கால் மணி நேரத்தைக் கெடுக்கும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் வேண்டாம். கருப்பட்டிப் பாகு அடுப்பில் ஒரு கணம் கூடுதலாக நின்றால் இனிப்பு போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். கறுப்பு மேலிலையும் அதே இடத்தில்தான் கெடுகிறது. புகையை வாயில் நிறுத்தி, நாக்கில் புரட்டி, வெளியே விடுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை, அதில் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விடுங்கள். மிளகு நெடி இருந்தால் அங்கேதான் தெரியும்.

சுவையை எழுதும்போது வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள செர்ரி, மேப்பிள், செடார் மரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். நாக்கு அறியாத பெயரை நாக்கில் தேடினால் கிடைக்காது. சிறிய பாட்டில்களில் இவற்றைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கருப்பட்டி, உருண்டை வெல்லம், சிக்கரி கலக்காத காப்பித்தூள், சிக்கரி கலந்தது, மிளகு, சுக்கு, கறுப்புத் திராட்சை, வெட்டிவேர், காய்ந்த களிமண். உட்காரும் முன் ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டுத் தொடங்குங்கள். கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த வேலையில் மிக முக்கியம். கருப்பட்டியில் இனிப்போடு மெல்லிய புகைவாடையும் கரகரப்பும் இருக்கும். நன்றாகச் செய்த பிராட்லீஃப் அந்தப் பக்கம் சாயும். வெறும் வெல்லத் தித்திப்பு உதட்டில் மட்டும் ஒட்டி, புகையில் இல்லாமல் போனால், தொப்பியில் இனிப்புத் தடவியிருக்கிறார்கள். தொப்பியை இன்னும் சற்றுக் கீழே வெட்டிவிட்டு இழுத்தால் அது காணாமல் போகும். சிக்கரியின் அடித்தொண்டைக் கசப்பை முதல் பகுதியிலேயே உணர்ந்தால் புளிப்பு மிஞ்சிவிட்டது என்று எழுதுங்கள். கடைசிப் பகுதியில் வந்தால் அது இயல்பு.

சுருட்டை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினால் போதும். சுவை பகுதிக்குப் பகுதி மாறுகிறதா என்று கவனியுங்கள். கடைசிவரை ஒரே சுவையில் ஓடும் சுருட்டு மோசமில்லை. ஆனால் நீளத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

எரியும் கோடு சற்று நெளிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடித்த மேலிலை உள்ளிலையைவிட மெதுவாகத்தான் எரியும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரு பக்கம் பின்தங்கினால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். சாம்பலின் நிறத்துக்கு மதிப்பெண் இல்லை. அது பெரிதும் மண்ணிலுள்ள தாது உப்புகளைப் பொறுத்தது. அடிக்கடி அணைவதற்கு வேறொரு காரணமும் உண்டு: குளோரைடு மிகுந்த இலை சரியாக எரியாது. உவர்நீர் பாய்ச்சி விளைவிக்கும் நம்மூர் இலை வெற்றிலைப் பெட்டிக்குப் போவதும், புகைக்க எடுக்கப்படாததும் இதனால்தான்.

இப்போது காரத்துக்கு வருவோம். தலை லேசாகச் சுற்றுவதும் வயிறு பிசைவதும் நிகோட்டினால் வருபவை. நிகோட்டின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும், செடியின் உச்சியில் பறித்த தடித்த இலை. கறுத்த மேலிலைக்குள் மிதமான உள்ளிலையும், வெளிறிய மேலிலைக்குள் கடுங்காரமும் இருக்கலாம். எனவே காரத்தையும் சுவையின் அடர்த்தியையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள். தலை சுற்றினால் சுருட்டை வைத்துவிட்டு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

மேலிலையின் பங்கைத் தனியே பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. நிகரகுவாவின் பத்ரோன் நிறுவனம் ஒரே சுருட்டை இயல்பான நிறத்திலும் மடூரோவிலும் விற்கிறது. ஒரே அளவில் இரண்டையும் வாங்கி, பட்டையைக் கழற்றிவிட்டு, நண்பரிடம் கொடுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றொன்றாகப் புகையுங்கள். மாறியது ஒன்றே ஒன்று என்பதால், வித்தியாசம் எல்லாம் அந்த ஓர் இலையின் கணக்கில் சேரும். எது கறுப்பு என்று பலருக்குச் சரியாகச் சொல்ல வராது. அப்படியானால் இதுவரை நிறத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதும் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணை 20க்குப் போடுங்கள். 100க்குப் போடும் பத்திரிகைகளில் பெரும்பாலான சுருட்டுகள் 85க்கும் 95க்கும் நடுவே நெருக்கியடிக்கின்றன. கட்டுமானத்துக்கு 4, இழுப்புக்கும் எரிவுக்கும் 5, சுவைக்கு 8, வாயில் நின்ற பின்சுவைக்கு 3. ஒரே வகைச் சுருட்டை மூன்று வெவ்வேறு நாட்களில் புகைக்காமல் இறுதி எண்ணை எழுதாதீர்கள். மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிவு மதிப்பெண் மட்டும் ஏறி இறங்கினால் முதலில் உங்கள் டப்பாவின் ஈரத்தைச் சோதியுங்கள். ஈரம் 65இல் சரியாக நின்றும் ஒரு நாள் கருப்பட்டி, ஒரு நாள் வெறும் கசப்பு என்று சுவையே மாறினால், அது அட்டி அடுக்கிய இடத்தின் குறை. சராசரி எடுக்காமல் மூன்றில் குறைந்த எண்ணையே எழுதுங்கள்.